காவேரி கொடுத்தனுப்பிய முட்டைகளும் என் சில்வர் ஃபிஸ்ஸும்

1. டின்னில் விழுந்தது

பெங்களூரில் ஒரு பழைய கிளப்பின் பாரில் கிளாஸ் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, பார் கேப்டனாக ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேரின் போதையைச் சமாளித்திருக்கிறேன். கிளாஸ் உடைந்து கையில் தையல் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்திருக்கிறேன். எதற்கும் அசந்ததில்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ரயிலேறி ஊருக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது ஒரே ஒரு நாள்தான். அது ஒரு முட்டையால் வந்த வினை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலை எங்கள் பாரில் ‘ஃபிஸ் நேரம்’ என்றே சொல்வோம். டென்னிஸ் ஆடி முடித்தவர்களும் சர்ச்சிலிருந்து வருகிறவர்களும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கவுன்டரைச் சுற்றி உட்காருவார்கள். அவர்களில் ஒரு ரிட்டயர்டு கர்னல் இருந்தார். முட்டை போட்டு நுரைக்கக் குலுக்கும் சில்வர் ஃபிஸ்ஸைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார், அதையும் நான்தான் போட வேண்டும். அன்றைக்கு அவர் தன் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவை எனக்கு நேர் எதிரே ஸ்டூலில் உட்கார வைத்து, மாது போட்டால் நுரை கிளாஸுக்கு மேலே எழுந்து நிற்கும், பாருங்கள் என்று என் பெருமையைப் பாடினார். மாதையன் என்கிற என் பெயரைக் கிளப்பில் எல்லோரும் மாது என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரிலும் அப்படித்தான்.

பாட்டு கேட்டவன் ஆடாமல் இருப்பானா? சரக்கைக் குலுக்குகிற டின்னில் ஜின் ஊற்றினேன், எலுமிச்சைச் சாறு பிழிந்தேன், சர்க்கரைப் பாகு விட்டேன். முட்டையை எடுத்து, ஒற்றைக் கையாலேயே டின் விளிம்பில் தட்டி உடைத்தேன். வெள்ளைக்கரு விழவில்லை. ரத்த நரம்பு ஓடிய ஏதோ ஒன்று விழுந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்புக் கண் இருந்தது.

அந்த அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். கர்னலின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ஹெட் பார்மேன் பீட்டர் சார் எங்கிருந்தோ வந்தார். டின்னின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, "மாது, நீ ஸ்டோருக்குப் போ" என்று மட்டும் சொன்னார். நான் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ஊருக்கு அடுத்த ரயில் எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பீட்டர் சார் கத்துகிறவர் இல்லை. அவர் அமைதியாகப் பேசினால்தான் எங்களுக்கு உதறும். அன்றைக்கு மிகவும் அமைதியாகக் கேட்டார். "எந்தக் கடை முட்டைப்பா அது?"

"வூட்டு முட்டைங்க சார்."

"வீட்டு முட்டையோ, வெள்ளைக்காரன் முட்டையோ, நேரா டின்ல உடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல. கப்ல உடை. பாரு. மோந்து பாரு. அப்புறம் ஊத்து."

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் இதை மறக்க வேண்டாம். நம்பிக்கையான முட்டை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றையும் தனிக் கப்பில் உடைத்துப் பார்த்த பிறகுதான் அது முட்டை. என் விஷயத்தில் அதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது.

2. புரட்டாசி செய்த வேலை

முதலில் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். ஃபிஸ் என்பது மிகப் பழைய அயிட்டம். ஜின், எலுமிச்சை, சர்க்கரை, சோடா, அவ்வளவுதான். அதில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்தால் சில்வர் ஃபிஸ், மஞ்சள் கருவைச் சேர்த்தால் கோல்டன் ஃபிஸ், முழு முட்டையும் போனால் ராயல் ஃபிஸ். முட்டையா என்று முகம் சுளிப்பார்கள். சரியாகப் போட்டால் முட்டை இருப்பதே தெரியாது. நாக்கில் ஒரு வழவழப்பும், மேலே கெட்டியான வெள்ளை நுரையும் மட்டும்தான் இருக்கும். அதற்கு இரண்டு குலுக்கல் வேண்டும். முதலில் ஐஸ் போடாமல் குலுக்குவது ட்ரை ஷேக், பிறகு ஐஸ் போட்டு இன்னொன்று. நுரை நிற்பதும் நிற்காததும் முட்டையின் கையில் இருக்கிறது. நாள்பட்ட முட்டையின் வெள்ளை தண்ணீராக ஓடும், கவிச்சி அடிக்கும். இன்றைக்கு இட்ட முட்டையின் வெள்ளை கெட்டியாக நிற்கும்.

கிளப் ஸ்டோருக்கு வரும் முட்டை எப்போது இட்டது என்று யாருக்கும் தெரியாது. என் வீடு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். என் மனைவி காவேரி நாட்டுக்கோழி வளர்த்தாள். எனக்குத் திங்கட்கிழமை வார லீவு. ஞாயிறு ராத்திரி ட்யூட்டி முடித்து ரயிலேறி, தருமபுரியில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், செவ்வாய் விடியற்காலையில் திரும்பிவிடுவேன். பெண் நித்யா சின்ன வயதில் யாரோ உன் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, "அது திங்கக்கெழம அப்பா, இன்னிக்கி வராது" என்று சொன்னாளாம். காவேரி இதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் ரயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அது சிரிப்பாக இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காவேரி ஒரு தூக்குச் சட்டியில் கேழ்வரகு உமியைப் போட்டு, அதற்குள் முட்டைகளைப் புதைத்துக் கொடுத்தாள், ரூமில் அவித்துத் தின்னச் சொல்லி. அதில் ஒன்றைப் பீட்டர் சார் உடைத்துப் பார்த்தார். வெள்ளைக்கரு நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் பாரின் ஃபிஸ்ஸுக்குக் காவேரியின் முட்டைதான். வாரா வாரம் தூக்கு போகும், காலித் தூக்கு திரும்பும்.

புரட்டாசி மாதம் மட்டும் தூக்கு கிடையாது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் சேராது. வீட்டில் நாம்தானே தின்னக் கூடாது, பெங்களூர்க்காரர்கள் குடித்தால் என்ன என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். யார் தின்றாலும் எடுத்துக் கொடுத்த கை நம்முடையதுதானே என்று முடித்துவிட்டாள். ஆகவே அந்த மாதம் கோழிகள் இடுகிற முட்டையெல்லாம் கூடையில் சேரும். கோழிக்குப் புரட்டாசி தெரியுமா? ஒரு கோழி அந்தக் கூடையிலேயே ஏறி அடை உட்கார்ந்துவிட்டது. ஐப்பசி பிறந்ததும் காவேரி ஆசை ஆசையாகக் கூடையிலிருந்து எடுத்து, தண்ணீரில் போட்டுப் பார்த்து, மூழ்கியதை எல்லாம் நல்ல முட்டை என்று தூக்கில் அடுக்கினாள். அடைக் கோழியின் கீழ் சில நாள் இருந்த முட்டையும் மூழ்கத்தான் செய்யும். அதுதான் அந்தம்மாவின் கண் முன்னால் என் டின்னில் விழுந்தது.

கல்யாணம் நின்றுவிடவில்லை, கவலைப்பட வேண்டாம். அந்தம்மா எலுமிச்சை சோடாவுக்கு மாறிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை, இனிமேல் முட்டை வேண்டாம் என்று காவேரியிடம் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே நிறுத்தினாள். மறு திங்கட்கிழமை நான் போனபோது என்னை மாட்டுக் கொட்டகையின் இருட்டு மூலைக்குக் கூட்டிப்போனாள். டார்ச் லைட்டின் முகத்தில் நடுவே ஓட்டை போட்ட அட்டையைக் கட்டி வைத்திருந்தாள். அதன் மேல் முட்டையை வைத்தாள். முட்டை உள்ளுக்குள் இளஞ்சிவப்பாக எரிந்தது.

"நல்லாப் பாருங்க. உள்ள செவப்பு நூலு ஓடுதா? ஓடல. அப்படின்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

ஒவ்வொரு முட்டையாக அப்படிக் காட்டினாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. நான் குடும்பம் நடத்திய திங்கட்கிழமைகளில், நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். முட்டைகள் மறுபடி பெங்களூர் போயின. பீட்டர் சாரும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் கப்பில் உடைத்துப் பார்த்துக்கொண்டார்.

3. சத்தம்

காவேரி கிளப்புக்கு ஒரே ஒரு முறைதான் வந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்து தேறியிருந்த நேரம், இரண்டு திங்கட்கிழமையாக ஊருக்குப் போகவில்லை. ரசமும் முட்டைத் தூக்குமாகப் பின்பக்கக் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டாள். ஊழியர் குடும்பத்தை உள்ளே விடமாட்டார்கள். அதிலும் பாருக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். ஒரு ஆர்டரை முடித்துவிட்டு நான் பின்பக்கம் ஓடி வந்தேன். அவள் பார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டற மாரி ஒரு சத்தம் கேட்டுதே. அது நீங்களா?"

நான்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "நம்ம முட்டய அதுலதான் போடறீங்களா? எனக்கும் ஒருநா போட்டுக் குடுங்க. சாராயம் வேணாம். மத்ததெல்லாம் போட்டு."

அவள் அதுவரை என்னிடம் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. செய்கிறேன் என்றேன். ஆனால் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் இல்லை. ஐஸுக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜ் வந்தபோது நித்யா பத்தாவது படித்தாள், பிறகு காலேஜ், பிறகு அவள் கல்யாணம். திங்கட்கிழமை என்றாலே ரேஷன் கடை, பேங்க், மோட்டார் ரிப்பேர் என்று போய்விடும். ரிட்டயர் ஆனதும் தினம் ஒன்று போட்டுத் தருகிறேன் என்பேன். ம் என்பாள். நானும் உண்மையாகத்தான் சொன்னேன். கிளப் குவார்ட்டர்ஸில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டு தூங்குவேன். காவேரி எதிரில் உட்கார்ந்திருப்பாள், எனக்கு எங்கும் போக வேண்டியிருக்காது.

4. திருப்பம்

ஓய்வு பெற்ற அன்றைக்குக் கிளப்பில் மாலை போட்டு, நான் குலுக்கிய டின்னையே எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். விளிம்பு நசுங்கிய பழைய டின். அதைவிட நல்ல பரிசு எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

நான் ஊருக்கு வந்து சேர்ந்த சில வாரத்தில் நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளும் மாப்பிள்ளையும் பெங்களூரில், எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். காவேரி பிரசவத்துக்கென்று போனாள். மூன்றாம் மாதம் வந்துவிடுவேன் என்றாள். பிறகு நித்யா லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. பிறகு தடுப்பூசி, பிறகு பல் முளைத்துக் காய்ச்சல். கடைசியில் பாப்பா ஸ்கூலுக்குப் போகிற வரைக்கும் என்று ஆகிவிட்டது.

ஆக, நான் பெங்களூரில் இருந்தபோது காவேரி ஊரில் இருந்தாள். நான் ஊருக்கு வந்ததும் காவேரி பெங்களூருக்குப் போய்விட்டாள். சொல்லிச் சிரிக்க நல்ல கதை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

நீயும் அங்கேயே போய் இருக்க வேண்டியதுதானே என்பார்கள். எனக்கு வீம்பு. பெங்களூரில் இருந்த வருஷமெல்லாம் போதாதா? என் வீடு, என் நிலம், என் கோழி என்று ஓடி வந்தவன், மறுபடியும் அந்த ஊருக்கே போய் மாப்பிள்ளை வீட்டு ஹாலில் பாய் விரிப்பதா? போகமாட்டேன், அவள்தான் வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். கருப்பி முட்டை வைக்கிறாளா, கொண்டைக்காரிக்குச் சளி போய்விட்டதா என்று கேட்பாள். கோழி நலமெல்லாம் சொல்லி முடித்து போனை வைத்த பிறகுதான், என் நலம் சொல்லவில்லையே என்று நினைப்பு வரும். நீ இல்லாமல் வீடு பிடிக்கவில்லை என்று ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5. சமையல்கட்டில் பார்

கை சும்மா இருக்கவில்லை. டின்னை எடுத்தேன். பழைய ஃபிஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, காவேரிக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து வைப்பது என்று ஆரம்பித்தேன். வரும்போது தயாராக இருக்க வேண்டும் அல்லவா.

நான் குடிக்கிறவன் இல்லை. தொழிலில் ஸ்ட்ராவில் தொட்டு ருசி பார்ப்பதோடு சரி. இருந்தாலும் ஒரிஜினல் ருசியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று மதுக்கடைக்குப் போய் ஜின் இருக்கிறதா என்று கேட்டேன். கம்பிக்குப் பின்னால் இருந்தவர், அது என்ன கம்பெனி என்று என்னையே திருப்பிக் கேட்டார். பேசாமல் திரும்பிவிட்டேன். எப்படியும் காவேரிக்குச் சாராயம் கூடாது.

ஜின் இல்லாத ஃபிஸ் வெறும் எலுமிச்சை சோடாவாகப் போய்விட்டது. ஜின்னில் ஒரு வாசம் இருக்கும், அது முட்டையை அமுக்கும். அந்த இடத்தில் எதை வைப்பது? துளசி போட்டேன், கஷாயம் ஆகிவிட்டது. சோம்பு ஊறவைத்த தண்ணீரை விட்டேன், பிரியாணி ஞாபகம் வந்தது. கோல்டன் ஃபிஸ்ஸுக்கு மஞ்சள் கருவைப் போட்டு ட்ரை ஷேக் செய்யும்போது மூடி தெறித்துவிட்டது. ஐஸ் இருந்தால் குளிரில் டின் கவ்விப் பிடிக்கும். ஐஸ் இல்லாமல் குலுக்கும்போது மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சுவரில் இருந்த காலண்டரின் மேல் மஞ்சள் கரு வழிந்தது. ராயல் ஃபிஸ் நன்றாக வந்தது, ஆனால் கனம். சாப்பாடு வேண்டாம் என்று ஆகிவிடும். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் விற்கிற பன்னீர் சோடாவை ஊற்றிப் பார்த்தேன். வெள்ளைக்கரு, எலுமிச்சை, கொஞ்சம் பாகு, மேலே பன்னீர் சோடா. ஜின் விட்டுப்போன இடத்தில் அந்த ரோஜா வாசம் வந்து சரியாக உட்கார்ந்தது. நுரையும் எழுந்து நின்றது. எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. நானே குடித்தேன். நன்றாக இருந்தது என்பதுதான் வருத்தமாக இருந்தது.

பக்கத்து வீட்டு லட்சுமக்கா, தெலுங்கு பேசுகிற குடும்பம், என்னைவிட மூத்தவள். ஒருநாள் சத்தம் கேட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னா மாது, கிலுகிலுப்ப ஆட்டற சத்தம் கேக்குது? பேத்தி வந்திருக்குதா?"

"இல்லக்கா. யாரும் வரல."

லட்சுமக்கா என் கையிலிருந்த டின்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அவ வரமாட்டா சாமி. புள்ளய உட்டுட்டு எப்படி வருவா? நீ போ. கோழிய நான் பாத்துக்கறன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. போவது என்று நான் மனதைத் தயார்படுத்திக்கொண்டபோது புரட்டாசி பிறந்துவிட்டது. காவேரி மாதம் முழுக்க முட்டையைத் தொடமாட்டாள். இப்போதெல்லாம் பார்களில் முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை ஊற்றி நுரை எடுக்கிறார்கள். அதையும் செய்து பார்த்தேன். நுரை தாராளமாக வந்தது, வாசமும் கூடவே வந்தது. கோயிலில் சுண்டல் வாங்கிக் கையைக் கழுவாமல் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. அதுவும் தவிர, அவள் கேட்டது நம் முட்டையை. காத்திருந்தேன்.

கூடையில் முட்டைகள் சேர்ந்தன. கருப்பி ஏறி அடை உட்கார்ந்தாள். ஐப்பசி பிறந்ததும் நான் மாட்டுக் கொட்டகையின் இருட்டு மூலைக்குப் போனேன். மாடு எப்போதோ போய்விட்டது, டார்ச்சும் அட்டையும் அதே ஆணியில் தொங்கின. ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். சிவப்பு நூல் ஓடியதைக் கருப்பியின் கீழேயே வைத்துவிட்டேன். மற்ற கோழிகள் அன்றன்றைக்கு இட்டதை மட்டும் உமியில் புதைத்து, தூக்கில் அடுக்கினேன்.

6. திங்கட்கிழமை

வேண்டுமென்றேதான் திங்கட்கிழமையாகப் பார்த்துப் போனேன். பையில் டின், பன்னீர் சோடா பாட்டில்கள், எலுமிச்சை. மடியில் தூக்கு. அதே ரயில், அதே பாதை. வாரா வாரம் அவள் முட்டையை நான் எடுத்துப்போய் யார் யாருக்கோ கொடுத்தேன். இந்த முறை அவளுக்கே எடுத்துப்போகிறேன்.

நித்யாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். காவேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். என்னை ஒரு பார்வை, தூக்கை ஒரு பார்வை.

"உமி நம்ம களத்துதா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. இளைத்திருந்தாள். நான் அதைச் சொன்னேன், நீங்களும்தான் என்றாள்.

மதியம் குழந்தை தூங்கியதும் அவளை டைனிங் டேபிளில் உட்காரச் சொன்னேன். இதோ இந்தப் பாத்திரத்தை மட்டும் என்று எழுந்தவளை மறுபடி உட்கார வைத்தேன். கெஸ்ட் உட்கார்ந்த பிறகுதான் முட்டையை உடைக்க வேண்டும், அது பீட்டர் சார் சட்டம். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டேன். கப்பில் உடைத்தேன், பார்த்தேன், மோந்தேன், வெள்ளையைப் பிரித்து டின்னில் விட்டேன். மூடியை அழுத்திப் பிடித்து ஒரு குலுக்கல். பிறகு ஐஸ் போட்டேன். சத்தம் கிளம்பியதும் காவேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பார் ஜன்னலுக்குக் கீழே நின்று சிரித்த அதே சிரிப்பு. நீள கிளாஸில் வடித்து, சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நுரை விளிம்பைத் தாண்டி எழுந்து, அசையாமல் நின்றது. என் சர்வீஸில் அவ்வளவு நல்ல நுரையை நான் எழுப்பியதில்லை.

அந்தச் சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டது. வீறிட்டு அழுதது. காவேரி கிளாஸைத் தொடவில்லை, உள்ளே ஓடிவிட்டாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே தாலாட்டும் சத்தம் கேட்டது. நுரை முதலில் ஓரத்தில் விட்டது, பிறகு நடுவில் குழி விழுந்தது. சீக்கிரம் சார், நுரை காத்திருக்காது என்று எத்தனை மெம்பர்களிடம் சொல்லியிருப்பேன். குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாவற்றின் மேலும் கோபமாக இருந்தது, ரயில் மேல், செவ்வாய்க்கிழமை மேல், ரிட்டயர் ஆனதும் என்று சொல்லிக்கொண்டே இருந்த வருஷங்கள் மேல். கிளாஸை எடுத்து சிங்க்கில் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

காவேரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். டேபிளைப் பார்த்தாள்.

"எங்க?"

"அடங்கிடுச்சி. கீழ ஊத்திட்டன்."

அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் இருத்திக்கொண்டாள். "அதுக்கென்னா? இன்னொன்னு போடுங்க. முட்ட இருக்குதில்ல?"

இருந்தது. தூக்கு நிறைய இருந்தது. நான் மறுபடி கப்பை எடுத்தேன். இந்த முறை குலுக்கும்போது குழந்தை அழவில்லை. டின்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை நீட்டிச் சிரித்தது. கிளாஸைக் காவேரியின் முன்னால் வைத்தேன். குழந்தை தட்டிவிடாமல் ஒரு கையால் அதன் கைகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிளாஸை எடுத்துக் குடித்தாள். மேலுதட்டில் நுரை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமலே இன்னொரு வாய் குடித்தாள்.

"முட்ட போட்டதே தெரியல" என்றாள். பாதி கிளாஸ் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றாள். கிளாஸ் காலியாகிற வரைக்கும் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள், "காலைல ரயிலா?"

எங்கள் கல்யாண வாழ்க்கையின் ஒவ்வொரு திங்கட்கிழமை சாயங்காலமும் அவள் கேட்ட கேள்வி அது. அதே குரல். என்னைப் பார்க்காமல், வேறு எதையாவது மடித்துக்கொண்டோ பெருக்கிக்கொண்டோதான் கேட்பாள். ஆமா என்று நான் சொல்லாத திங்கட்கிழமை இல்லை.

"முட்ட இன்னும் இருக்குது காவேரி" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு நான் போகவில்லை. லட்சுமக்காவுக்குப் போன் போட்டேன். கருப்பி குஞ்சு பொரித்துவிட்டாள் என்று அவள்தான் முதலில் சொன்னாள். வீம்பு என்னவானது என்று கேட்டுச் சிரிக்கவில்லை, அந்த மட்டில் நல்லவள். ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கிறேன். பக்கத்தில் காவேரியும் விரித்துக்கொள்கிறாள்.

பாருக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஃபிஸ் கேட்டவர் எதிரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் முட்டையை உடைக்க வேண்டும். பாதியில் அவர் எழுந்து போய்விட்டால், அடங்கிப்போனதை அவர் கையில் கொடுக்கக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் புதிதாக இன்னொன்று போட வேண்டும். கிளப்பில் எல்லோருக்கும் நான் அப்படித்தான் செய்தேன். வீட்டில் செய்ய ஆரம்பித்து இப்போதுதான் சில திங்கட்கிழமைகள் ஆகின்றன.